அடுப்பு ஏற்றாமல் ஒரு விருந்து

அந்த யோசனை எனக்கு வந்த இடம் எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தின் பின்பக்கம். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் விடைபெற்றுக்கொண்டு காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். மேலே பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தாழ்ந்து தொங்கிய கொத்திலிருந்து சிவப்பாக ஒரு பழத்தைப் பறித்து, தோலைப் பல்லால் கடித்துப் பிளந்து, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். கொட்டை கால்வாய்க்குப் போனதும் இன்னொன்று. எங்கள் ஹாலில் அரைமணி நேரம் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கும் இந்த அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை. முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நொடியே, இவருக்கு நாம் வைத்த பண்டம்தான் தப்பு என்றும் தோன்றிவிட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் இறங்காது என்று அம்மா சொல்வார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்.

உள்ளே போனால் கேசரி, உளுந்து வடை, முறுக்கு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கோப்பிக் குவளைகள் மட்டும் காலி. அம்மா கேசரிப் பாத்திரத்தை மூடிய வேகத்தில் மூடி எகிறி விழுந்தது. ஏன் யாரும் சாப்பிடவில்லை என்று கேட்டேன். பேச்சு முடிவாவதற்கு முன்னால் பெண் வீட்டு உப்பைத் தொடமாட்டார்களாம். தொட்டுவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வராதாம். சர்க்கரை போட்ட கோப்பி, தண்ணீர், வெற்றிலை, இவற்றுக்குத் தோஷமில்லை. கேசரியில் ஏது உப்பு என்றேன். ஒரு சிட்டிகை போட்டால்தான் இனிப்பே தெரியும், அது அந்த அம்மாவுக்கும் தெரியும் என்றார் அம்மா. இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள்? நாலு வடையைத் தின்றுவிட்டு மறுநாள் வாட்சப்பில் வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? ஆனால் அந்த அம்மா பார்க்கிறவர். டவுனை ஒட்டிய ரஹாங்கில் சொந்த வீட்டில் இருந்ததால் எங்கள் வீட்டுப் பேச்சில் அவர் பெயர் ‘ரஹாங் அம்மா’ என்று ஆகிவிட்டது.

வடையை நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கோழிகள் சாப்பிட்டன. நாலாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா போன் பண்ணி, யோசித்துச் சொல்கிறோம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. அன்று சாயங்காலம் அத்தை மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஏறாமல், அது ஓடிக்கொண்டிருப்பதையே பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தார். அதிலிருந்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு ரெம்பாவுக்குப் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தது. அப்பா அங்கே லோரி ஓட்டுகிறார். அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை, இன்னொரு பிரிவில். பெண் கேட்டது அவர்தான். அத்தைக்கும் சம்மதம்தான். அடுப்படியில் என் காதில் விழுந்தவரை ரஹாங் அம்மாவுக்குத்தான் மனசில்லை. தோட்டத்து வீடு, ராத்திரி வேலைக்குப் போகிற பெண், போதாததற்குப் பையனைவிட இரண்டு வயது மூத்தவள். இதில் எதையும் அத்தையால் மாற்ற முடியாது. அதனால் மாற்ற முடிந்த ஒன்றே ஒன்றைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன்: தட்டு.

அடுத்த மாதமே அவர்கள் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல சகுனம் என்றார் அப்பா. அம்மா கத்தரிக்காய் நறுக்கினார். பிறகு, இந்தத் தடவை கோப்பி மட்டும்தான், வேறு எதற்கும் அடுப்பை ஏற்றமாட்டேன் என்று அறிவித்தார். ஒருமுறை கோழிக்குப் போட்டது போதும்.

இது என் வேளை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் அடுப்பு இல்லாத சமையலில் எங்கள் வீட்டில் என்னைவிடக் கைதேர்ந்தவர் கிடையாது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். அத்தை பகலில் தூங்குவார். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் நான் அடுப்பைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஆகவே தீ இல்லாமல் எதையெல்லாம் செய்யலாமோ அதையெல்லாம் நான் செய்து பார்த்திருந்தேன். பிஸ்கட்டைப் பாலில் நனைத்து அடுக்கி பிரிட்ஜில் வைத்த கேக். வாழைப்பழத்தில் மைலோ சாக்லேட் பொடி தூவிய ஒரு பண்டம். அதற்கு நான் வைத்த பெயர் இப்போது வெளியில் சொல்ல முடியாது. இதற்கெல்லாம் எனக்குப் பாடசாலை, அத்தையின் கைத்தொலைபேசி. அதில்தான் அந்தக் காணொளியைப் பார்த்திருந்தேன். வெளிநாட்டில் வெயில் காலமாம். தோட்டத்தில் கூட்டம். ஒரு பெண்மணி பழத்தையும் சீஸையும் குச்சியில் மாற்றி மாற்றிக் கோத்து, பாதியாக வெட்டிய தர்பூசணியில் குத்தி நிறுத்தினார். அவர்களுக்கு மூன்று மாதம்தான் வெயில், அதற்கே அந்த ஆர்ப்பாட்டம். எங்களுக்கு வருடம் முழுக்க வெயில். ஒரு குச்சிகூட யாரும் நீட்டியதில்லை.

கணக்கு எனக்கு நேராக விழுந்தது. பழம்: ரஹாங் அம்மாவுக்குப் பிடிக்கும், நானே சாட்சி. அடுப்பு: தேவையில்லை. உப்பு: பழத்தில் ஏது உப்பு? கொய்யா என்றால் எங்கள் ஊரில் புளிப்புப் பிளம் பழத்தில் செய்த அசாம்பொய்த் தூள் தூவாமல் யாரும் சாப்பிடமாட்டார்கள். அந்தத் தூளில் உப்பு இருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, ஒரு சிட்டிகைகூட எடுக்காமல் அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை. சீஸ் டப்பாவைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. சீஸ் பாலில் செய்வது. பால் சுத்தம். கோயிலுக்கே பால்தான் எடுத்துப் போகிறோம். நாக்குக்கு அதன் கரிப்பு தெரியும்தான், ரொட்டியில் வைத்து எத்தனை முறை தின்றிருக்கிறேன். ஆனால் உப்பு என்றால் எனக்கு அடுப்படி ஜாடியில் இருக்கும் அந்த வெள்ளைத் தூள். நான் அதைப் போடவில்லை. போடாதது எப்படி இருக்கும்?

சீஸ் கட்டியை அத்தைதான் வாங்கி வந்தார், எதற்கு என்று கேட்காமலேயே. அந்த நாட்களில் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அம்மாவிடம், பழம் மட்டும் நறுக்கி வைக்கவா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டேன். சீஸை ரகசியமாக வைத்திருந்தேன். ஆச்சரியம் இல்லாத விருந்து என்ன விருந்து?

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, புடவை கட்டிக்கொண்டு நேராக ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியைப் பிடித்துக்கொண்டேன். இந்த வேலையில் மூன்று விஷயம் முக்கியம் என்று அன்றே கண்டுபிடித்தேன். இன்றும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு அதையேதான் சொல்கிறேன். அன்னாசியை வெட்டியவுடன் கோக்கக்கூடாது, வடிதட்டில் போட்டுச் சாறு இறங்கவிட்டுத் துணியால் ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் சீஸ் கொழகொழத்துவிடும். சீஸைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது அந்தக் குளிரோடு, வெட்ட வேண்டும். ரம்புத்தானைக் கொட்டை நீக்கி, அந்தக் குழிக்குள் சீஸ் துண்டைச் சொருகிவிட்டால் கீழே விழாது. இந்த மூன்றாவது எந்தக் காணொளியிலும் இல்லை. என் சொந்தச் சரக்கு.

கோத்து முடித்துப் பார்த்தால், குத்தி நிறுத்தத் தர்பூசணி இல்லை. முழுவதையும் துண்டு போட்டுவிட்டேன். கார் சத்தம் கேட்டுவிட்டது. அடுப்படி மூலையில் ஒரு நீர்ப்பூசணிக்காய் இருந்தது. விருந்தாளிகள் போனதும் அத்தைக்குத் திருஷ்டி சுற்றி வாசலில் உடைப்பதற்கு அம்மா வாங்கி, குங்குமப் பொட்டும் வைத்துத் தயாராக வைத்திருந்தது. பார்க்கக் கம்பீரமாக, நல்ல உருண்டையாக இருந்தது. குத்த ஆரம்பித்தேன்.

தாம்பாளத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நான் ஹாலுக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. குங்குமம் வைத்த பூசணிக்காய், உடம்பு முழுக்க, கறி கோத்துச் சுடுகிற சாத்தே மூங்கில் குச்சி. ஒரு சின்னப் பெண் அதைச் சிரித்துக்கொண்டே ஏந்தி வருகிறாள். மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். என் அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ யாருக்கோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று தோன்றினால் அதற்கு ஏற்ற வடிவத்தில்தான் அது இருந்தது. எனக்கு அப்போது அது தெரியவில்லை. வியப்பில் வாயடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ரஹாங் அம்மாதான் முதலில் பேசினார். “என்னாம்மா இது, முள்ளம்பன்னியா?”

“பழம் ஆன்ட்டி. அடுப்பே ஏத்தல, உப்பே போடல. நீங்க பயப்படாம சாப்பிடலாம். போன தடவகூட போறப்ப ரம்புத்தான் பறிச்சுச் சாப்பிட்டீங்கதானே, நான் பாத்தேன் லா.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சொல்லக்கூடாததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவின் கன்னத்தில் லேசாக ஏதோ அசைந்தது. சிரிப்பா வெட்கமா தெரியவில்லை. மறுக்க வழி இல்லாமல் ஒரு குச்சியை எடுத்தார். ரம்புத்தானும் அன்னாசியும் இருந்த குச்சி. முதலில் ரம்புத்தானை உருவி வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டு மூன்று முறை மென்றார். அப்புறம் தாடை நின்றுவிட்டது.

விழுங்கவும் இல்லை, மெல்லவும் இல்லை. பார்வை என் அம்மாவிடம் போனது, அப்பாவிடம் போனது, மடியிலிருந்த கைக்குட்டைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அத்தைக்கு மட்டும் புரிந்தது. அவர் பூசணிக்காயைப் பார்த்தார், குழிக்குள் இருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்துவிட்டார். பெண் பார்க்கும் நேரத்தில் சொல்லாமல் எழக்கூடாது. மேசையிலிருந்த காலித் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அந்த அம்மாவின் முகவாய்க்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்தார்.

“துப்பிடுங்கம்மா. உள்ள சீஸ் இருக்கு, அதுல உப்பு இருக்கு. சின்னப் பிள்ள, அதுக்குத் தெரியாது. நாங்க யாரும் ஒன்னும் நெனைக்க மாட்டோம்.”

முதல் முறை வந்தபோது ரஹாங் அம்மா எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாகப் பார்த்தார். வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார்.

“இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?”

“நைட்டும்மா.”

“அப்ப இன்னும் தூங்கல.”

அத்தை இல்லை என்று தலையசைத்தார். தட்டை இன்னும் இறக்கவில்லை.  அந்த அம்மாவின் கை தட்டைத் தாண்டி நீண்டது. பூசணிக்காயிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்தார். அதில் சீஸ் எங்கே இருக்கிறது என்று திருப்பிப் பார்த்து, அதையே முதலில் கடித்தார்.

அப்பா இருமினார். மாப்பிள்ளை குனிந்துகொண்டு ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்கு ஓடினார்; அடுப்பைத் திருகும் சத்தமும் பாத்திரங்கள் இறங்கும் சத்தமும் கேட்டன. மத்தியானம் எல்லோரும் எங்கள் வீட்டில் சோறு, பருப்பு, ரசம், அப்பளம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ரஹாங் அம்மா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என்னைத் தவிர. நான் உலகத்திலேயே பெரிய துரோகத்தைக் கண்ணால் பார்த்தவள்போல மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காக அன்னாசியைத் துணியால் ஒற்றினேனோ அந்த அத்தையே, அத்தனை பேர் முன்னிலையில், என் பண்டத்தைத் துப்பச் சொல்லிவிட்டார். விருந்தாளிக்குப் பிடித்துப்போய் இரண்டாவது எடுத்ததால் என் மானம் பிழைத்தது. அதோடு விட்டார்களா? என் விருந்து போதாது என்பதுபோல அம்மா உடனே அடுப்பை வேறு ஏற்றிவிட்டார். அத்தையிடம் ஒரு வாரம் பேசவில்லை. திருமண நாளில்கூட, பூத்தட்டு ஏந்தும் பூப்பெண்ணாக முன்னால் நடந்தபோது, கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் நடந்தேன். படங்களில் தெரிகிறது. பூசணிக்காயை உடைக்கவில்லை, ஓட்டை விழுந்ததைத் திருஷ்டிக்கு எடுக்கக்கூடாதென்று அம்மா மறுநாள் மோர்க்குழம்பு வைத்துவிட்டார்.

ரொம்ப நாள் அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது என் குச்சிகள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் கட்டுரைகூட எழுதினேன். இப்போது நான் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். தோழிகள் வீட்டு விசேஷம் எதுவானாலும் பழமும் சீஸும் கோத்து அடுக்குகிற மேசை என்னுடையதுதான். முந்தின விடுமுறையில் ரஹாங் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த அம்மாவிடம் கேட்டே விட்டேன்: அன்றைக்கு என் பண்டம் அவ்வளவு பிடித்துவிட்டதா?

சிரித்தார். அப்போதுதான் அவர்கள் ஏன் இரண்டாம் முறை வந்தார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. போனில் சொன்னது பையனுக்குப் போதவில்லை. அதனால் நேரில் வந்து, அவன் எதிரிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதற்காக வந்திருக்கிறார். கோப்பி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாராம். அதற்குள் நான் பூசணிக்காயோடு வந்துவிட்டேன்.

“மொதல்ல தின்னது தெரியாமத் தின்னது. அவ பேசாம இருந்திருக்கலாம். உப்பு உள்ள போயிருச்சு, நான் மாட்டிக்கிட்டேன், அவளுக்கு நல்லதுதானே. ஆனா துப்புங்கன்னு தட்டத் தூக்கிட்டு வந்தா. அப்பறம் நான் என்னான்னு வேணாம்னு சொல்றது?”

பக்கத்தில் அத்தை பயிற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. காதில் விழாததுபோல இருந்தார், ஆனால் ஒடிக்கிற கை நின்றிருந்தது. கையில் வந்துவிட்டதைத் திரும்ப நீட்டியவர் அவர். அதைத்தான் நான் ஒரு வாரம் பேசாமல் இருந்து தண்டித்திருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை ரஹாங் வீட்டில் அத்தை மகனுக்குப் பிறந்தநாள். மேசை என்னுடையது. ஒரு சிக்கல்: ரஹாங் அம்மாவுக்குச் சிறுநீரகம் சரியில்லை என்று மருத்துவர் உப்பைத் தொடக்கூடாது என்றிருக்கிறார். சீஸ் ஆகாது, உப்பில்லாத பனீர் செய்யலாமென்றால் அடுப்பு வேண்டும், அடுப்பை ஏற்றி ஜெயிப்பது எனக்கு ஜெயிப்பே இல்லை. அதனால் கட்டித் தயிரை மெல்லிய துணியில் முடிந்து பிரிட்ஜின் மேல்தட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். நாளைக்குள் தண்ணீரெல்லாம் இறங்கி, கரண்டி நிற்கிற அளவுக்கு இறுகிவிட வேண்டும். இறுகினால் ரம்புத்தான் குழிக்குள் வைப்பேன். இறுகாவிட்டால் மாம்பழத்தைத் தோண்டி அதற்குள் ஊற்றிவிடுவேன். அவருக்கென்று தனித் தட்டு, அத்தை முதலில் ருசி பார்த்துவிட்டு நீட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தயிர் டப்பாவைத் திருப்பி இரண்டு முறை படித்துவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே உப்பு இல்லை.